திருடன் எண்ணெய் விட்டுத் துளைத்தான்

இன்று சாயங்காலம் பீச் ரோடு பக்கத்து ஹாலில் பழைய கறுப்பு வெள்ளை பிரெஞ்சுத் திரில்லர் போட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து அப்படியே போய் உட்கார்ந்தேன்.

ஒரு திருடன் பேங்க்கின் இரும்புப் பெட்டியைத் துளைக்கிறான். வசனமே இல்லை. கொஞ்சம் துளைக்கிறான், நிறுத்துகிறான், எண்ணெய் விடுகிறான், மறுபடி துளைக்கிறான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

பக்கத்து சீட்டுக்காரர் தன் நண்பரிடம் விளக்கினார்.

"வாழ்க்கையோட சலிப்பைக் காட்டத்தான் டைரக்டர் இப்படி இழுக்கறாரு."

"இழுக்கல சார்," என்றேன். "எண்ணெய் விடாம அவசரப்பட்டா டிரில் பிட்டு சூடாகி உடைஞ்சிடும்."

திரும்பி என் விரல்களில் இருந்த ஆயில் கறையைப் பார்த்தார்.

"பிரெஞ்சு படிச்சிருக்கியாம்மா?"

"இல்ல சார். தட்டாஞ்சாவடி ஃபாக்டரியில டிரில்லிங் மிஷின்ல நிக்கிறேன்."

"இது கலைப் படம்மா. இத அப்படிப் பாக்கக் கூடாது."

"நான் அப்படித்தான் சார் பாப்பேன்."

கடைசிவரை அப்படித்தான் பார்த்தேன். ஆறு வருஷமாக நான் செய்கிற வேலையைத் திரையில் ஒருவன் ஒழுங்காகச் செய்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அவன் திருடனாக இருந்தால் எனக்கென்ன.

நம் ஹீரோக்கள் ஒரே பாட்டுக்குள் ஃபாக்டரியே கட்டிவிடுகிறார்கள். அவர்களில் யாராவது ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.