ஆறாம் எண் கிளாஸுக்குப் பதினான்கு

ஒயின் ஆலையில் அவளை எல்லோரும் 'மூக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு வந்தாச்சா, மூக்குக்கு இன்றைக்குச் சளி, மூக்கைக் கேட்டுவிட்டுத் தொட்டியைத் திற, இப்படி. முகத்தில் இருந்ததென்னவோ சின்னஞ்சிறு மூக்கு. கண்ணாடி போட்டால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் அதற்குள் நுழைந்த வாசனை எதுவும் தன் பெயரைச் சொல்லாமல் வெளியே போனதில்லை.

பாட்டில் கழுவும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். ஒருநாள் கார்க் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவரை நிறுத்தி, இதில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வருகிறதே என்றாள். தூக்கினவர் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. நாலு கார்க்கை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் முகர்ந்து பார்த்தார். மூட்டை வந்த வழியே திரும்பிப் போனது, அவள் ருசி பார்க்கும் மேஜைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம் அவள் வாசனைச் சோப்பைத் தொடவில்லை. காரம் கிடையாது, வேலை நாளில் காப்பி கிடையாது, மழையில் நனைந்து சளி பிடித்தால் ஏதோ கொலைக்குற்றம் செய்துவிட்டதுபோல ஆலைக்கே ஒளிந்து ஒளிந்து வருவாள். கல்யாணம் கூடிவரவில்லை. வாசனைச் சோப்பு போடாததால்தான் என்று ஆலையில் ஒரு கேலி உண்டு, அவளும் அதற்குச் சிரித்துவைப்பாள். சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு தம்பி. எட்டு வயது இளையவன், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன்.

இந்தத் தம்பி தன் கையிருப்பையெல்லாம் போட்டு ஒரு கல்லுச் சரிவை வாங்கினான். அதில் எழுபது வயதுக் கிரெனாஷ் திராட்சைக் கொடிகள் நின்றன. பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும். காய்ப்பது கொஞ்சம். பக்கத்து நிலத்துக்காரர்களெல்லாம் இவனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அறுவடை முடிந்ததும் முதல் கிளாஸை அக்காவிடம்தான் கொண்டுவருவான். அவள் வாயைத் திறப்பதற்குள் தானே முந்திக்கொண்டு, ஸ்ட்ராபெரி மாதிரி வருது, பின்னாடி மிளகு, அதுக்கும் பின்னாடி நம்ம சரிவுப் புல்லு என்று ஒப்பிப்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உனக்கு எதுக்குடா நான் என்பாள் அவள். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கிரெனாஷ் ஒரு மாதிரியான திராட்சை. தோல் மெல்லிசு, நிறம் வெளிறல். கிளாஸைச் சாய்த்தால் மறுபக்கம் இருக்கும் விரல் தெரியும். நிறத்தைப் பார்த்து, இது தண்ணீர்க் கேஸ் என்று தள்ளிவைப்பவர்கள்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். வாயில் வைத்தால் அல்லவா தெரியும்: பழத்தின் இனிப்பு, ஒரு கதகதப்பு, தொண்டைக்குள் இறங்கிய பிறகும் போக மனமில்லாமல் நிற்கிற வாசனை. அதைத் தனியாக விட்டால் கொஞ்சம் தளர்ந்துபோகும். அதனால் வேறு இரண்டு திராட்சையின் ஒயினைக் கலப்பார்கள்: கறுப்புக்கும் காரத்துக்கும் சிரா, முதுகெலும்புக்கு மூர்வெத்ர். கலவையில் மற்ற இரண்டும் கிரெனாஷை அமுக்கிவிடக் கூடாது, அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். புதிதாக மேஜைக்கு வருகிறவர்களுக்கு மூக்கு சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: ரொம்பக் குளிராகவும் குடிக்காதே, சூடாகவும் குடிக்காதே, நிறத்தைப் பார்த்து ஏமாறாதே, விழுங்காமல் துப்பிய பிறகு எத்தனை எண்ணும்வரை ருசி நிற்கிறதென்று எண்ணிப் பார்.

ஆலை என்பது நிலக்காரர்கள் கூடி நடத்துவது. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் கிரெனாஷிலும் ஒரு சின்னக் கலவை போடுவார்கள். எழுபது பங்கு அவரவர் கிரெனாஷ், இருபது பங்கு சிரா, பத்துப் பங்கு மூர்வெத்ர். பின்னிரண்டும் எல்லோருக்கும் ஒரே பொதுத் தொட்டியிலிருந்து. அப்போதுதான் யார் கிரெனாஷ் எப்படி என்பது மறைக்காமல் தெரியும். கிளாஸில் பெயர் இருக்காது, எண்தான். ஐந்து பேர் ருசி பார்த்து இருபதுக்கு மார்க் போட வேண்டும். சராசரி பதினாறு வந்தால் ஆலையின் நல்ல கலவையில் சேரும். மூன்று வருடம் தொடர்ந்து பதினாறைத் தொடாவிட்டால் அந்தக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு ரகம் நட வேண்டும். ஆலை போட்ட சட்டம் அது, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்தச் சட்டம் வந்த முதல் வருடம் தம்பிக்கு அறுவடை நேரத்தில் மழை. இரண்டாம் வருடம் ஆலங்கட்டி. இரண்டிலும் பதினைந்தைத் தாண்டவில்லை. மூன்றாம் வருடம் வெயிலும் காற்றும் சொல்லிவைத்தாற்போல அமைந்தது. அந்த வருடம் அவன் கிளாஸைக் கொண்டுவரவில்லை. நீ மார்க் போடுகிறவள், நான் முன்னாடியே காட்டினால் உனக்குத்தான் கெட்ட பெயர் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு இருந்த நாணயம் இவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்.

ருசி பார்ப்பதற்கு முந்தின நாள், சாப்பாட்டு அறையில் பேச்சு வந்தது. மார்க் போடும் ஐவரில் ஒருவர், தடித்த கண்ணாடி போட்ட மனிதர், எல்லோரையும் எதற்காவது சீண்டிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு மூக்கின் முறை. "தம்பி சரக்கு எந்தக் கிளாஸ்ல இருந்தாலும் அக்கா மூக்கு மோப்பம் பிடிச்சிடும். நமக்குத்தான் எண்ணு, அவங்களுக்கு எதுக்கு எண்ணு?" என்றார். மேஜை முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். சிரித்தபடியே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ராத்திரி முழுக்க அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது. இருபத்தாறு வருட நேர்மையை ஒருவன் வாயைத் துடைத்துக்கொண்டே தட்டிவிட்டுப் போய்விட்டானே என்று விடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணி. வெள்ளையடித்த அறை, வடக்குப் பார்த்த ஜன்னல், ஆளுக்கொரு மேஜை, மேஜைக்கு ஒன்பது கிளாஸ், பக்கத்தில் துப்புவதற்கு வாளி. ஆறாம் எண் கிளாஸை மூக்கருகே கொண்டுவந்தாள். கொண்டுவந்ததுதான் தெரியும்! ஸ்ட்ராபெரி, மிளகு, அதற்குப் பின்னால் அந்தச் சரிவின் காய்ந்த புல். வாயில் வைத்தாள். துப்பிவிட்டு எண்ணினாள். இருபது தாண்டியும் ருசி நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு மேஜையில் இருந்த ஒன்பதில் இதுதான் முதல். பதினெட்டுக்குக் கீழே போட வழியே இல்லை.

இது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று எழுந்து சொல்லியிருக்கலாம். அதற்கும் சட்டம் இருந்தது. அந்தக் கிளாஸை எடுத்துவைத்து, மறுநாள் வேறொருவரைக் கொண்டு பார்ப்பார்கள். ஆனால் எழுந்தால் கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்ப்பார். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தாள், வேறெதற்கும் இல்லை. மற்ற நாலு பேரும் நாக்கு உள்ளவர்கள்தானே, எப்படியும் பதினேழும் பதினெட்டுமாய்ப் போடுவார்கள், நான் ஒருத்தி குறைத்துப் போட்டால் அவன் மூழ்கிவிடப் போவதில்லை, என் பெயர் சுத்தமாக இருக்கும். இப்படியொரு கணக்குப் போட்டு, காகிதத்தில் பதினான்கு என்று எழுதினாள்.

மற்ற நாலு பேர் போட்டது பதினாறு, பதினாறு, பதினாறு, பதினேழு. பதினேழு போட்டது கண்ணாடிக்காரர். சராசரி பதினைந்து புள்ளி எட்டு. அவள் பதினைந்து போட்டிருந்தால் போதும், தப்பியிருக்கும். ஒரே ஒரு மார்க். கேலி பேசியவன் அள்ளிக் கொடுத்தான், கூடப் பிறந்தவள் கிள்ளிக்கூடக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் தம்பி வந்தான். கோபமில்லை, குறையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, "நான் எங்கே தப்பு பண்ணினேன்க்கா?" என்று கேட்டான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? அவள் வாயிலிருந்து தொழில் பேச்சு வந்தது. நடுவுல கொஞ்சம் காலியா இருந்துச்சுடா என்றாள். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். மேல்முறையீடு செய்து பார்க்கலாமா என்றும் அவளிடமே கேட்டான். மேல்முறையீடு என்றால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று காகிதத்தைப் பிரித்துவிடுவார்கள். "வேண்டாம்டா. வயசான கொடி. மாத்திடு" என்றாள். அவன் சரி என்றான். அவள் சொல்லி அவன் தட்டியதே கிடையாது.

கொடிகளை டிராக்டரில் சங்கிலி கட்டி இழுக்கத் தொடங்கிய அன்று அவள் உடம்பு சரியில்லையென்று வீட்டில் படுத்துக்கொண்டாள். மூன்று நாளில் சரிவு மொட்டையாகிவிட்டது. புதிதாக நட்ட ரகம் குலை குலையாய்க் காய்த்தது. தம்பி கெட்டுப்போகவில்லை, இதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு மேல்மாடி கட்டினான், மகளைப் படிக்க வைத்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் ஒரு கிளாஸைக்கூட அக்காவிடம் கொண்டுவரவில்லை. எனக்கு நாக்கு கிடையாதுக்கா என்று சிரிப்பான். விருந்தில் யாராவது ஊற்றிக் கொடுத்து எப்படி என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரைக் காட்டுவான். போகப்போக, சூப்பில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட மனைவியின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான். வீட்டில் எல்லோருக்கும் அது வேடிக்கை. அக்கா மட்டும் குனிந்து சூப்பைக் கிண்டிக்கொண்டிருப்பாள். அது அவள் கைங்கரியம் என்று அவளுக்கல்லவா தெரியும்.

பதினோரு வருடம் சொல்லாமலேயே ஓடிவிட்டது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், மகள் படிப்பு முடியட்டும், மாடி வேலை முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, ஆலையின் நிலவறையில் மாதிரிக்கென்று எடுத்துவைத்த பாட்டில்களில் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேலாளர் சாவியைக் கொடுத்தார். எல்லோரும் விலை உயர்ந்ததைத் தேடுவாள் என்று நினைத்தார்கள். அவள் நேராகப் போய் அந்த வருடத்து ஆறாம் எண்ணை எடுத்துவந்தாள்.

அடுத்த ஞாயிறு காலை தம்பி வீட்டில், எண் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு ஊற்றினாள். ஓரத்தில் செங்கல் நிறம் ஏறியிருந்தது. எனக்கென்ன தெரியும், நீயே குடிச்சுச் சொல்லு என்று அவன் நழுவப் பார்த்தான். அவள் விடவில்லை. முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். ஒரு வாய் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். கண்ணோரம் ஏதோ வந்து போயிற்று. பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தான்.

"நல்லா இருக்காக்கா?"

அதற்கு மேல் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. சாப்பாட்டு அறைக் கேலியில் தொடங்கி, போட்ட பதினான்கு, சொன்ன பொய், மேல்முறையீடு வேண்டாமென்று தடுத்த காரணம்வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். உன் சரக்குல குறையே இல்லடா, என் மனசுலதான் குறை என்றாள். அவன் கத்துவான், கிளாஸை வீசுவான், இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்பான் என்று காத்திருந்தாள். அப்படி ஏதாவது செய்திருந்தால் தாங்கியிருப்பாள்.

அவன் கிளாஸை மறுபடி கையில் எடுத்தான். "அந்த வருஷம் தொட்டியிலேர்ந்து எடுத்து நான் தனியா குடிச்சுப் பார்த்தேன்" என்றான். "ரொம்ப நல்லா இருந்துச்சு. நீ இல்லைன்னதும் என் நாக்கைத்தான் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்படத் தோணவே இல்ல."

அவள் வாய் திறக்கப் போனாள். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"நீ கிளம்புக்கா. மிச்சத்தை நான் குடிச்சுக்கறேன்."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது உள்ளே அவன் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. "இங்க வந்து பாரேன். முதல்ல ஸ்ட்ராபெரி, பின்னாடி மிளகு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். குரல் உடைந்திருந்தது, ஆனால் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. அடுத்தது என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அதை அவன் இனி அவளிடம் சொல்லப் போவதில்லை.