மூன்றாவது ரப்பர் துண்டு

புகைக்குழாயிலிருந்து தண்ணீர் விழுவது நின்று, வெறும் வெள்ளை ஆவி கிளம்பிய அந்தக் காலையை நான் மறக்கவில்லை. பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் என் படகு போய்க்கொண்டிருந்தது. உள்ளே பொருத்தியிருந்த டீசல் இன்ஜின் கொதித்தது. அணைத்ததும் நீரோட்டம் என்னையும் கூட வந்த ஆட்களையும் மணல்திட்டை நோக்கி இழுத்தது. நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். பங்காளியின் படகு வந்து கட்டி இழுத்துப் போனது.

இன்ஜினைக் குளிர்வித்துப் புகைக்குழாய் வழியே வெளியேறும் தண்ணீர் உள்ளே வரும் வழியிலிருந்த சல்லடையைப் பாசி அடைத்திருந்தது. சுத்தம் செய்து மறுநாள் போனேன், மறுபடியும் கொதித்தது. பம்பைப் பிரித்தால், தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தில் மூன்று இதழ்கள் முறிந்திருந்தன. புதுச் சக்கரம் மாட்டினேன். கால் மணி நேரம் நன்றாக ஓடியது, பிறகு அதே ஆவி. மூன்றாம் முறையும் கயிற்றில் இழுபட்டுக் கரைக்கு வந்தபோது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. படகை விற்றுவிட்டு ஏதாவது கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

அன்று மாமியார் வந்திருந்தார். கும்மிடிப்பூண்டியில் ரப்பர் சாமான் வார்க்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. தண்ணீரென்றால் பயம், மகளைக் கடற்கரையில் கட்டிக்கொடுத்தும் படகில் கால் வைத்ததில்லை. நான் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய சக்கரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூணு இதழு காணோமே மாப்ள. எங்க பூட்ச்சு?”

“ஒடைஞ்சிபூட்ச்சு அத்த.”

“ஒடைஞ்சது தெரியுது. ஒடைஞ்ச துண்டு எங்க? எங்க கம்பெனில ஒரு துண்டு கொறைஞ்சாலும், அது கெடைக்கிற வரைக்கும் மெஷின ஓட்ட உடமாட்டாங்க.”

தண்ணீர் போன வழியில்தானே துண்டுகளும் போயிருக்கும்? உடனே படகுக்குப் போய், இன்ஜினின் சூட்டைத் தணிக்கும் கூலரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே மெல்லிய குழாய்களின் வாயில் இரண்டு கறுப்புத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சந்தோஷத்தில் இரண்டையும் உயர்த்திக் காட்டிவிட்டு மூடப் போனேன்.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார் என் பின்னாலேயே மகளோடு வந்திருந்த மாமியார், கரையில் நின்றபடியே.

ஒரு மணி நேரம் தேடிய பிறகு, பம்பிலிருந்து வரும் குழாயின் வளைவில் அது அகப்பட்டது.

இன்ஜினைக் கிளப்பினேன். புகைக்குழாயிலிருந்து தண்ணீர் பழையபடி விட்டுவிட்டுப் பீய்ச்சியடித்தது. கையை நீட்டினால் வெதுவெதுப்புதான். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றதும், மாமியார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினார்.

“பயமா இல்லியா அத்த?”

“பயந்தான். நீங்க ஓட்டுங்க.”

போகும்போது பலகையை இறுக்கிப் பிடித்திருந்தவர், திரும்பும்போது ஒரு கையைத் தண்ணீரில் அளையவிட்டார்.

இப்போது வேலையை விட்டு எங்களோடுதான் இருக்கிறார். நான் கடலை விடவில்லை. குப்பத்தில் எவர் படகு கொதித்தாலும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்; வந்ததும், அத்தை இருக்கிறார்களா என்றுதான் கேட்கிறார்கள்.