பினாங்குக் கப்பலும் அத்தையின் வளையல்களும்

என் அத்தை கப்பல் கம்பெனியின் விதியை மீறித்தான் பினாங்குக்குப் போனாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் அவள் அளவுக்குத் தைரியமும் புத்தியும் இருந்த ஆம்பளை ஒருத்தரும் இல்லை. என் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்தார். மேலே மலைச்சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டமும் இருந்தது. அட்டை கடிக்கும், மழை விடாது, அப்பாவுக்கு முழங்கால் வலிக்கும். அதனால் கல்யாணம் ஆகும்வரை தோட்டத்துக்கு ஏறி இறங்கியதெல்லாம் அத்தைதான். பழுத்த ஏலக்காய் எடுக்க ஆள் விடுவது, காய் உலர்த்தும் இடத்தில் நின்று பார்ப்பது, லோடு கட்டிக் கழுதையில் ஏற்றி இறக்குவது எல்லாம் அவள் சோலி. ஊரில் பெருமை பேசுவது மட்டும் அப்பாவின் சோலி.

மாமாவுக்கு ராசிங்காபுரம். பினாங்கில் ஒரு பலசரக்குக் கடையில் இருந்தார். லீவில் வந்தார், அத்தையைக் கட்டினார், கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். அவர் போன பிறகுதான் அத்தை முழுகாமல் இருப்பது தெரிந்தது. அந்த நாட்டுக்குள் மனைவி போவதற்கு அனுமதி வாங்க வேண்டும். மாமா அங்கே நடையாய் நடந்து அதை வாங்கி அனுப்பினார். அது போடிக்கு வந்து சேர்ந்தபோது அத்தைக்கு ஏழாம் மாதம்.

அனுமதிக்கு ஒரு கெடு இருந்தது. பிள்ளை பெற்றுக்கொண்டு போகலாம் என்றால் கெடு தாண்டிவிடும். மறுபடி கேட்டால் கொடுப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. அப்போது சட்டத்தை ஆளாளுக்கு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிலமலையில் ஒருத்தி இப்படித்தான் பிரசவத்துக்காகக் கெடுவைத் தவறவிட்டாள். அவள் பையன் என்னோடு பள்ளிக்கூடம் வந்தான். அப்பன் முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருந்தான்.

ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். இது எங்கள் பக்கத்துச் சட்டம். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

“தலைச்சன் பிள்ளைய எவனோ ஊர்ல பெத்தா நாளைக்கி ஊருக்குள்ள நான் தலை நிமுந்து நடக்க வேணாமா?” என்றார்.

“நீங்க குனிஞ்சே நடங்கண்ணே. முழங்காலுக்கு நல்லது” என்றாள் அத்தை.

அம்மா அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். அப்பா இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை. பிறகு தானே இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார். போகலாம், ஆனால் வளைகாப்பு செய்து ஊரறிய அனுப்பினால்தான் போகலாம். ஏழாம் மாதம் வளைகாப்பு எங்கள் வழக்கம். அத்தை சரி என்றாள். அப்பா ஒரு தெருவையே அடைத்துப் பந்தல் போட்டார். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையலை இரண்டு கையிலும் முழங்கை வரை அடுக்கினார்கள். பிள்ளை பிறக்கிறவரை அதைக் கழற்றக் கூடாது. உடைவது அதைவிட ஆகாது. அத்தை கையை ஆட்டினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

அம்மாவிடம் கைக்குழந்தை இருந்ததால் அவளால் வர முடியவில்லை. அப்பாவும் நானும்தான் வழியனுப்பப் போனோம். மதுரை வரை பஸ்சு, பிறகு ரயில், நாகப்பட்டினத்தில் கப்பல். பஸ்சிலேயே கம்பத்து ராவுத்தர் ஒருவரும் அவர் வீட்டம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் அதே கப்பல்தான். அந்தம்மாள் ஆறு பெற்றவள். ஏறி உட்கார்ந்ததும் அத்தையின் வயிற்றைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், “பயப்படாத தங்கச்சி, பாயை என் பக்கத்துல போட்டுக்க” என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அந்தம்மாள் நாகப்பட்டினம் வரை தூங்கிக்கொண்டே வந்தாள்.

கம்பெனிக்காரனைத் திட்ட எனக்கு ஆசைதான். ஆனால் ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. மேல்தட்டில் பாய் விரித்துப் போகிற ஏழை ஜனங்களுக்குக்கூட எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்கள். தகரப்பெட்டி கப்பலின் அடியில் போய்விடும், அதில் பேரைப் பெயிண்டில் எழுத வேண்டும். கையோடு ஒரு மூட்டை, பாய், தட்டு, சொம்பு. அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது, கோழி கொண்டு வரக் கூடாது. கறி தின்கிறவர்களுக்கு ஒரு சமையல், தின்னாதவர்களுக்கு ஒரு சமையல், ராவுத்தர்மார்களுக்குத் தனிச் சமையல். பெண்கள் படுக்கத் தனியாகக் கயிறு கட்டி மறைப்பு. அம்மை குத்திய தழும்பு இருக்க வேண்டும், டாக்டர் பார்ப்பார். எங்கள் ஊர்த் திருவிழாவில் இதில் கால்வாசி ஒழுங்கு இருந்தால் வருஷத்துக்கு நாலு பேர் மிதிபட மாட்டார்கள்.

இதையெல்லாம் கம்பெனி ஏஜண்டு ஆபீசில் ஒரு குமாஸ்தா உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “ஏழு மாசம் ஆன பிள்ளைத்தாச்சிகளை ஏத்த மாட்டாங்க. நாளைக்கு டாக்டரம்மா கையில மாட்டி அழாதீங்க, இப்பவே சொல்லிட்டேன்” என்றார்.

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. அத்தை சட்டென்று சேலைத்தலைப்பை இழுத்து இரண்டு கையையும் மூடிக்கொண்டாள்.

அத்தை ஒல்லி, உயரம். தலைச்சன் பிள்ளை. வயிறு அதிகம் தெரியாது. ஐந்து மாதம் என்று சொன்னால் நம்பலாம். ஆனால் கை நிறைய வளையலோடு போய் ஐந்து மாதம் என்று எந்தத் தமிழ்ப் பெண்ணிடமும் சொல்ல முடியாது. ஊரறியச் செய்ய வேண்டும் என்று அப்பா செய்த காரியம், ஊர் தாண்டி நாகப்பட்டினத்துக்கும் அறிவிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

சத்திரத்துக்கு வந்ததும் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “ஊருக்குத் திரும்பிருவோம் ஆத்தா. விதி இல்ல” என்றார்.

“விதிய நீங்கதானண்ணே காசு குடுத்து வாங்கி என் கையில அடுக்குனீக” என்றாள் அத்தை. பிறகு சத்திரத்துக் கிணற்றடிக்குப் போய் என்னைக் கூப்பிட்டாள். “அந்தச் சோப்பையும் எண்ணெயையும் கொண்டா. வெரசா.”

அப்பா பதறி எழுந்தார். “உடைக்கவா போற? என்ன காரியம் பண்ற?”

“உடைக்கல. கழட்டுறேன்.”

“கழட்டிக் கீழ வைக்கக் கூடாது. அது ஆகாது.”

“கீழ வைக்கல. உங்க மக கையில போடுறேன். கை மாறுனா தோசமில்ல.”

அப்படி ஒரு சாஸ்திரம் எங்கேயும் கிடையாது. அந்தக் கிணற்றடியில், அந்த நிமிஷத்தில் அவளே செய்த சாஸ்திரம் அது. அப்பாவும் அதை நம்பிவிட்டார். அத்தனை உறுதியாகச் சொன்னாள்.

வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மாசமானதில் கை வீங்கியிருந்தது. சோப்பும் எண்ணெயும் போட்டும் கட்டைவிரல் முட்டியில் வளையல் சிக்கிக்கொண்டது. தோல் உரிந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வளையலைப் பிடித்தாள். ராவுத்தர் வீட்டம்மா அவள் விரல்களை ஒன்றுசேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். வந்த வளையலெல்லாம் என் கைக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தொளதொளவென்று இரண்டு கையும் நிறைந்துவிட்டது. விழாமல் இருக்கக் கையை மடக்கியே வைத்துக்கொண்டேன்.

“யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவ?” என்றாள் அத்தை.

“அப்பா திருவிழாவில வாங்கிக் குடுத்தாரு.”

“எந்தத் திருவிழா?”

“வீரபாண்டி.”

“என் ராசாத்தி” என்றாள்.

மறுநாள் காலையில் படகுத்துறைக் கொட்டகையில் வரிசை. பெண்கள் வரிசையில் ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, வெள்ளைக் கோட்டு, சிரிக்காத முகம். ஒவ்வொருத்தியாகக் கண்ணை விலக்கிப் பார்த்து, தழும்பைப் பார்த்து, மணிக்கட்டில் ஊதா மையால் முத்திரை குத்தினார். எங்களுக்கு முன்னால் இருமிக்கொண்டு நின்ற ஒருத்தியை விலக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டார். அவள் அழுதாள். டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாச் சாமியையும் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சிலமலைப் பையனின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

“எத்தனை மாசம்?” என்றார் டாக்டரம்மா.

“அஞ்சுங்க” என்றாள் அத்தை.

டாக்டரம்மா சேலைக்கு மேலாகவே வயிற்றில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. “வளையல் போட்டாச்சா?”

“எங்க பக்கம் ஏழாம் மாசந்தாங்க. அங்க போய்த்தான் போடணும்.”

“கையை நீட்டு.”

அத்தை நீட்டினாள். மணிக்கட்டு சிவந்து, கட்டைவிரல் பக்கம் தோல் வழன்று கிடந்தது. டாக்டரம்மா முத்திரையை மையில் ஒற்றிவிட்டு, குத்தாமல் நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“இது யாரு?”

“அண்ணன் மகளுங்க. வழியனுப்ப வந்திருக்கு.”

“கை நிறைய வளையல் போட்டிருக்கியே பாப்பா. யாரு வாங்கித் தந்தது?”

“அப்பாதான். வீரபாண்டித் திருவிழாவில.”

“உனக்கு ரொம்பப் பெரிசா இருக்கே.”

இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. நானே சொன்னேன். “வளந்தா சரியாப் போயிரும்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “ஆமா. சரியாப் போயிடும்” என்று சொல்லி அத்தையின் மணிக்கட்டில் முத்திரையைக் குத்தினார். தோல் உரிந்த இடத்தில் படாமல் குத்தினார். “அலைக்குத் தாங்குவியா? படகு ஆடும். மயக்கம் வரும்.”

“மழையில ஏலமூட்டையோட மலை இறங்குனவங்க நான்.”

“கப்பலோட நடுவுல படு. முனையில ஆட்டம் அதிகம். உப்பு குறைச்சுச் சாப்பிடு. கூட யாரு வர்றாங்க?”

அத்தை ராவுத்தர் வீட்டம்மாவைக் காட்டினாள். டாக்டரம்மா எழுந்து அந்தம்மாளைத் தனியாக ஒரு மூலைக்கு அழைத்துப்போய் ஏதோ சொன்னார். துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தையும் கையில் கொடுத்தார். தலைவலி மாத்திரை என்று நினைத்தேன். திரும்பி வந்து அத்தையின் தோளில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டு, “இதை அவிழ்க்காதே” என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கப்பல் ஆழத்தில் தள்ளி நின்றது. படகில்தான் போய் ஏற வேண்டும். வழியனுப்ப வந்தவர்களில் சிலரையும் படகில் விட்டார்கள். அப்பாவும் நானும் ஏறிக்கொண்டோம். கரை தள்ளியதும் அத்தை கடல்தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, “கொடு ஆத்தா” என்றாள். வளையல்கள் அவள் கைக்குத் திரும்பின. ஏறினவரைக்கும் ஏறின. வீக்கத்தில் ஏறாத இரண்டை எனக்கே விட்டுவிட்டாள்.

கப்பலை ஒட்டிப் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கவாட்டில் ஒரு ஏணி தொங்கியது. அலை படகைத் தூக்கும் அந்தக் கணத்தில் ஏணியைப் பிடித்துவிட வேண்டும். ஒருத்தர் பின் ஒருத்தராகப் பிடித்து ஏறினார்கள். அத்தையின் முறை வந்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். படகுக்காரன் கையை நீட்டித் தடுத்தான். அவள் தோளில் இருந்த சிவப்பு நாடாவைப் பார்த்து மேலே குரல் கொடுத்தான். கப்பலின் கிரேனில் ஒரு மரநாற்காலி ஆடிக்கொண்டே இறங்கியது. அத்தையை அதில் உட்கார வைத்து, வாரைப் போட்டு இடுப்போடு கட்டினார்கள். அதுவரை எதற்கும் பயப்படாத அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வளையல் குலுங்க அவள் ஆகாயத்தில் ஏறிப் போனதைப் படகிலிருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“அத்தைக்கு மட்டும் எதுக்குப்பா நாற்காலி?” என்று கேட்டேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நம்ம எப்படியாப்பட்ட குடும்பம்னு விசாரிச்சிருப்பாக” என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன்.

பினாங்கில் இறங்கிய அதே வாரம், மாதம் நிறையுமுன்னே அத்தைக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பல வருஷம் கழித்து, என் வளைகாப்புக்கு அவள் அந்தப் பையனோடு போடிக்கு வந்தாள். அப்போதுதான் பொட்டலத்தின் சங்கதியைச் சொன்னாள். அதில் புது பிளேடும், கொதிக்க வைத்த நூலும், வெளுத்த துணியும், ஒரு சின்னப் புட்டியில் மருந்தும் இருந்தனவாம். கப்பலில் வலி கண்டால் கப்பல் டாக்டரைக் கூப்பிடு, அவர் வருவதற்குள் முந்திக்கொண்டால் இதை எடு, அவளிடம் சொல்லிப் பயமுறுத்தாதே என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ராவுத்தர் வீட்டம்மா சொல்லவே இல்லை. பினாங்குக் கரையில் கால் வைத்த பிறகுதான் மடியிலிருந்து எடுத்து அத்தை கையில் கொடுத்தாளாம்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். டாக்டரம்மாவை ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷம் தாங்கவில்லை. வெறும் படகில் கரைக்குத் திரும்பியபோது அவர் படகுத்துறையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். வரிசை முடிந்து கொட்டகை காலியாகிவிட்டது. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். நான் கையைத் தூக்கி, மிச்சமிருந்த இரண்டு வளையலையும் ஆட்டிக் காட்டினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. வெயிலுக்கு நெற்றியில் கை வைத்துக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். சோலி முடிந்த பிறகும் இந்தம்மா ஏன் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.