சரோஜா கொடுத்த குப்பிப் பால்

போன வாரம் மணவாள நகரில் எங்கள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். தைராய்டு ஹார்மோனாம், இந்த வயதில் அது ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. வந்த பெண் குழாயை நிரப்பிப் பையில் போட்டுக்கொண்டு, பெயர் ஸ்டிக்கரை அப்புறம் ஒட்டிக்கொள்வதாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏம்மா, அது என் ரத்தம்னு எப்படித் தெரியும்?” என்றேன்.

“இன்னா சார், நீங்கதானே கைய நீட்டிக்கினு இருந்தீங்க?”

நியாயம்தான். அந்தக் கேள்வியை நான் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்ட கதை ஒன்று உண்டு. அவளுக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்ததால் உங்களிடம் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் நெல் கிராமங்களில் மாடுகளுக்கு ஏன் சினை நிற்பதில்லை என்று ஆராய்ந்த திட்டத்தில் வேலை பார்த்தவன் நான். சினை ஊசி போட்ட இருபத்தொன்றாம் நாள், அந்த மாட்டின் பாலில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் அதிகமிருந்தால் பெரும்பாலும் சினை, குறைந்திருந்தால் இல்லை. இவ்வளவுதான் விஷயம். விடுவோமா? மாட்டுக்கு நான்கு பக்கப் படிவம், மூன்று பிரதி. கொம்பின் வடிவத்திலிருந்து உரிமையாளரின் கல்வித் தகுதி வரை எல்லாம் கேட்போம். தொழுவத்துக்கே போய்க் கண்ணெதிரே கறக்கச் செய்து பால் வாங்க வேண்டும் என்று விதி. எழுதியவன் நான்தான். ஆனால் ஆலைக்காரர்களின் ஷிப்டு பஸ்ஸை விட்டால் திரும்ப வழியில்லை என்பதால், பால் சொசைட்டி வாசலில் நின்றே குப்பிகளை வாங்கிக்கொள்வேன்.

அப்படிக் குப்பி கொண்டுவருபவர்களில் ஒருத்தி சரோஜா. அவள் மாட்டுக்கு மூன்று ஊசி போட்டும் நிற்கவில்லை. பால் வற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டுக்காரர் ஏழுமலை வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டார். அந்த வியாபாரி ஏற்றிப்போகும் மாடுகள் வேறு தொழுவத்துக்குப் போவதில்லை. கன்றிலிருந்து வளர்த்தவள், சண்டை போட்டு நான்காவது ஊசிக்குத் தவணை வாங்கியிருந்தாள். இருபத்தொன்றாம் நாள் என் கையில் குப்பியையும், வழக்கம்போல ஒரு சொம்பு மோரையும் கொடுத்தாள்.

ஹார்மோன் அமோகமாக இருந்தது. நல்ல சேதியை நானே ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் வியாபாரியைத் திருப்பி அனுப்பினாள். “சாரே சொல்லிட்டாரு, சீமந்தம் பண்ணிடு” என்றார் ஏழுமலை.

மூன்றாம் மாதம் எங்கள் டாக்டர் கைவிட்டுப் பார்த்தார். கருப்பை காலி. மாடும் பாலை நிறுத்தியிருந்தது. கருவி, ஐஸ் பெட்டி, படிவம் என்று எல்லாவற்றையும் புரட்டினேன். எதிலும் தப்பில்லை. கடைசியில் சரோஜாவையே கேட்டேன். அவள் தயங்கவே இல்லை.

“எம் மாட்டுப் பாலு அன்னிக்கி தண்ணியாட்டம் இருந்துச்சு சார். டெஸ்டுக்குப் போறத அப்டியா குடுக்கறது? ஓரகத்தி ஊட்டு மாட்டுப் பால ஊத்திக் குடுத்தேன்.”

சொசைட்டியில் குப்பிக்குப் போகும் பாலில் கொழுப்பு பார்ப்பார்கள்; மட்டமாக இருந்தால் எல்லார் எதிரிலும் பெயரைச் சொல்லுவார்கள். அதனால் குப்பி என்றாலே வீட்டில் இருப்பதில் நல்ல பாலை ஊற்றுவதுதான் ஊர் வழக்கம். ஓரகத்தியின் மாடு அப்போது நாலு மாதச் சினை. எங்கள் கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

“வாங்கசொல்லோ எந்த மாடுன்னு நீங்க ஒரு வார்த்த கேக்கலியே சார்” என்றாள்.

சினை இல்லை என்று அன்றே தெரிந்திருந்தால், பால் இருக்கும்போதே டாக்டர் வேறு ஹார்மோன் ஊசி போட்டுப் பார்த்திருப்பார். அந்த மூன்று மாதம் என்னால் போயிற்று. வறண்ட மாட்டுக்குத் தீனி போட ஏழுமலை இனி ஒப்பவில்லை. மினி லாரி வந்தது. அடுத்த முறை நான் போனபோது சரோஜா மோர் தரவில்லை. எனக்கும் அவளை நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

‘எந்த மாடு? கண்ணெதிரே கறந்ததா?’ என்று படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க அனுமதி கேட்டு எழுதினேன். மேலிடம் விளக்கம் கேட்டது. விளக்கினேன். விளக்கத்துக்கு மூன்று பிரதி கேட்டது. புதுப் படிவம் அச்சாகி வருவதற்குள் தொழிற்பேட்டை சரோஜாவின் தெரு வரை வந்துவிட்டிருந்தது. சொசைட்டிக்குப் பூட்டு. தொழுவங்கள் இருந்த இடத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்கு வாடகை அறைகள். படிவக் கட்டோடு தெருவின் கடைசி வரை நடந்தேன். நிரப்புவதற்கு ஒரு மாடு இல்லை.