விண்வெளி விமானத்துக்கு டைல்ஸ் ஒட்டியவர்

வீரபாண்டி, தன் விசாவுக்காக அறைத்தோழர் கனகரத்தினத்திடம் நாலாயிரம் திர்ஹம் கடன் வாங்கியிருந்தார். குளியலறை டைல்ஸ் வேலை என்று நினைத்துக் கொத்துக்கரண்டியோடு அமீரகத்தின் அல் ஐன் நகருக்குப் போனவரை, ஒரு தனியார் கம்பெனி தான் கட்டிய விண்வெளி விமானத்தின் வயிற்றில் வெப்பம் தாங்கும் ஓடுகளை ஒட்டச் சொன்னது. பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காத மனுஷன் அசராமல் கற்று ஒட்டினார். எங்கள் ஆட்கள் அப்படித்தான்!

விமானம் பத்திரமாக இறங்கினால்தான் அரசாங்கம் கம்பெனிக்கு அடுத்த தவணைப் பணம் தரும். அது வந்தால்தான் சம்பளம். முதல் சோதனையில் தரையிறங்கும்போது சக்கரம் முறிந்தது.

"வானத்தில பறக்கிற காசை நான் எப்ப தம்பி காணப்போறன்?" என்று கனகரத்தினம் கேலி செய்தார்.

"சக்கரம் அவனுக போட்டது. நான் ஒட்டினதுல ஒண்ணாவது உதிர்ந்துச்சா அண்ணே?"

மறுமுறை, ஹெலிகாப்டர் தூக்கிச் சென்று உயரத்தில் விடுவித்ததும் விமானம் பருந்துபோல் சறுக்கி வந்து ஓடுபாதையில் நின்றது. அரசுப் பணம் வந்தது, சம்பளமும் வந்தது. வீரபாண்டி நெஞ்சை நிமிர்த்தி, கனகரத்தினத்தின் விரித்த உள்ளங்கையில் நாலாயிரத்தையும் எண்ணி வைத்தார்.