சபோதெக் கல்லறைக் கதவும் சேவியரின் லீவு ஃபார்மும்

தோஹாவில் நான் ஃபோர்மேனாக இருந்த கடைசி வருஷம் ஒரு கண்காட்சி வேலை வந்தது. மெக்சிகோவின் பழைய சபோதெக் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட, பிரபு வீடு ஒன்றும் குடியானவன் வீடு ஒன்றும் செட் போட வேண்டும். பிரபு வீட்டுத் தரைக்குக் கீழே கல்லறை. வீட்டில் யார் செத்தாலும் அதன் கதவைத் திறந்து, பாட்டன் பூட்டன் பக்கத்திலேயே வைப்பார்களாம்.

கதவு பொருத்துவது சேவியர் வேலை. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். அவனைப் போல ஃபிட்டிங் பார்க்க சைட்டில் வேறு ஆள் கிடையாது. திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது லீவு ஃபார்மோடு வந்து நின்றான்.

"பாய், அம்மாவுக்கு ரொம்ப முடியல. பேச்சு நின்னுட்டாம். மொகத்தப் பாத்துட்டு வந்துருதேன்."

ஸ்டாஃப் என்றால் நேரே ஆபீஸில் லீவு கேட்கலாம். லேபர் என்றால் ஃபோர்மேன் கையெழுத்து இல்லாமல் ஃபார்ம் நகராது.

எஞ்சினியரிடம் கேட்டேன். "கதவு முடியாம ஒருத்தனும் போகக் கூடாது. கலாஸ், பேச்சு முடிஞ்சது" என்றார். ஃபார்மை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் மேல் பழி போட எனக்கு வாயில்லை. கையெழுத்து என்னுடையது. ரிட்டயர் ஆகும் நேரத்தில் கெட்ட பெயர் வேண்டாம் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

"கதவ முடி தம்பி, அன்னைக்கே ஃப்ளைட் ஏத்திடுறேன்" என்றேன்.

வேலைக்கு நடுவே சுவரில் இருந்த போர்டைக் காட்டி, என்ன எழுதியிருக்கு என்று கேட்டான். தெரிந்த இங்கிலீஷில் படித்துச் சொன்னேன்.

"பிரபுவாப் பொறந்தவன் பிரபு, குடியானவனாப் பொறந்தவன் குடியானவன். ரெண்டுக்கும் நடுவுல கல்யாணம் கெடையாது. ராஜாவோட முன்னோர் சாமிகிட்டயே பேசுவாங்களாம்."

"குடியானவன் செத்தா?"

"கல்லறை இல்ல, சும்மா குழிதான். ஆனா அதுவும் வீட்டோடயே."

"அப்ப அவனும் அம்மா பக்கத்துலதான் இருந்துருக்கான்" என்று சொல்லிவிட்டு மட்டக்கோலை எடுத்தான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. அம்மா போய்விட்டார். கல்லறை வாசலிலேயே கையெழுத்துப் போட்டு ஃபார்மை நீட்டினேன்.

"சாயந்தரமே அடக்கம். இனி இது எதுக்கு சார்?"

அவன் வாங்கவில்லை. கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். நூலளவு இடைவெளியில்லாமல் பொருந்தியது. விழாவில் எஞ்சினியர் எனக்குத்தான் கை கொடுத்தார்.

புதிதாக ஃபோர்மேன் ஆகிறவர்களே, லீவு ஃபார்ம் வந்தால் முதலில் கையெழுத்துப் போடுங்கள். வேலை அப்புறம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறேன், தெரியும்.

அதுவரை பாய் என்று கூப்பிட்டவன் அன்றிலிருந்து என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டான்.