அம்மா படம் ஒட்டிய அட்டை

தம்பிக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அழுவான். ரொட்டி வேண்டுமென்றாலும் அதே அழுகைதான். எதற்கு அழுகிறான் என்று நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேர் வாசலில் கூடி, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஹட்டனில் ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர் இருந்தார். பிஸ்கட் பெட்டியை வெட்டி அட்டைகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டித் தந்தார். கோப்பை, ரொட்டி, பந்து. கடைசி அட்டையில், அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சியிருந்த அம்மாவின் ஒரே போட்டோ. வேண்டியது எதுவோ, அந்த அட்டையைத் தம்பி எடுத்து நம் கையில் தரவேண்டும். அதுவரை எதையும் தரக்கூடாது.

"அட்டையைத் தந்தவுடன குடுத்திடோணும், பிள்ளை. பிறகு எண்டு சொன்னா, கேட்டும் பயனில்லை எண்டு விட்டிடுவான்" என்றார் என்னிடம்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை என்பதால், அம்மா வேலைக்குப் போனபின் அவனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பேச வராதவனிடம் கேட்டால்தான் தருவேன் என்பது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவேயில்லை. "ரொட்டிய கையில வச்சுக்கிட்டு புள்ளைய ஏங்க விடுறியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுச் சித்தி வேறு ஏசினாள். ஆனால் மூன்றாவது வாரம் ரொட்டி அட்டை தானாக என் கைக்கு வந்தது. அன்று அம்மா எனக்கும் ஒரு ரொட்டி கூடுதலாகப் போட்டாள்.

பிறகு ஒரு நாள் காலை, தம்பி அம்மாவின் அட்டையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான்.

அம்மாவோ மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்று சொல்லக்கூடாதே! அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறினேன்.

"வேல நேரத்துல புள்ளைய யாரு இங்க தூக்கியாரச் சொன்னா?" என்று கங்காணி கத்தினார். அம்மா கூடையோடு ஓடிவந்தாள். தம்பி அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் ஓரத்தைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டு நின்றான். இதற்குத்தானா இவ்வளவு தூரம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"இவன்தாம்மா குடுத்தான்" என்று அட்டையை நீட்டினேன்.

"என்னையா கேட்டான்? நீ எடுத்துக் குடுக்கலயே?"

"இல்லம்மா, அவனாத்தான் எடுத்தான்."

அம்மா அப்படியே தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். கங்காணி ஏசிக்கொண்டேயிருந்தார். டீச்சர் சொன்னபடிதானே செய்தேன், பிறகு ஏன் இப்படி? ஒன்றும் புரியவில்லை. என்னால்தான் அம்மா ஏச்சு வாங்கி அழுகிறாள் என்று மட்டும் முடிவுசெய்தேன்.

அன்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் அந்த அட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன். வழியில் விழுந்திருக்கும் என்று பொய் சொன்னேன். அம்மா மலைப்பாதை முழுக்க, தண்ணீர் ஓடும் கான் ஓரமெல்லாம் குனிந்து தேடினாள்.

அடுத்த மூன்று நாளும் தம்பி மிச்ச அட்டைகளைத் தரையில் பரப்பினான். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். எதையும் எடுக்காமல் மறுபடி முதலிலிருந்து புரட்டினான். பந்து வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்தேன், தள்ளிவிட்டான். நாலாம் நாள் அட்டைகளைத் தொடவேயில்லை.

அந்த விளையாட்டு அவனுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்தேன்.